பழைய கார் இயங்க மறுக்கும்போது: தள்ளுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

2003ஆம் ஆண்டின் மாரிகால இரவொன்று. கட்டுக்கரைக் குளத்து நீர் பாயும் கிராமமொன்றில் நாம் தங்கியிருந்தோம். காலபோகப் பயிர் முழங்கால் உயரத்துக்கு நின்றது. விடாத மழை. நிறைமாதத் தாயொருவருக்கு நோ கண்டுவிட்டதென்று ஆட்கள் ஓடி வந்தார்கள். முருங்கன் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக ஊரில் இருந்தது ஒரேயொரு கார். கமக்காரர் ஒருவருடைய பழைய ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் அது.

தாயைப் பின் ஆசனத்தில் படுக்க வைத்தாயிற்று. ஸ்ராட்டரை இயக்கினால் ‘டக்’ என்ற ஒரு சத்தம், அதற்குமேல் ஒன்றுமில்லை. “பற்றரி போய்விட்டது, தள்ளுங்கோ” என்றார் ஒருவர். சோக்கை முழுவதும் இழுத்துவிட்டுத் தள்ளினோம். சேற்றில் சில்லுகள் சறுக்கினவேயொழிய எஞ்சின் பிடிக்கவில்லை. நீர்ப்பம்பி திருத்தும் தகப்பனோடு கூடித் திரியும் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இடையில் வந்து, “பாதர், முதல்ல லைற்றைப் போட்டுப் பாருங்கோ” என்றான். “நீ ரோச்சைப் பிடி தம்பி” என்று அவனை ஒதுக்கிவிட்டு மறுபடியும் தள்ளினோம். நாற்பது நிமிடம் இப்படிப் போயிற்று. கடைசியில் உழவு இயந்திரத்தின் பெட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே படங்கு கட்டி, அந்தத் தாயைக் கொண்டுபோனோம்.

தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அதில் எமது கெட்டித்தனம் எதுவும் இல்லை. மறுநாட் காலை அந்தப் பையன் காரின் முன் விளக்கைப் போட்டான். விளக்கு நன்றாக எரிந்தது. ஸ்ராட்டரை இயக்கச் சொன்னான். விளக்கு அடியோடு அணைந்தது. பற்றரியின் முனையைக் கழற்றிக் காட்டினான். உள்ளே வெள்ளைப் பூஞ்சணம் போலத் தூள் படிந்திருந்தது. சுடுதண்ணீர் ஊற்றி, கத்தியால் சுரண்டி, இறுக்கிப் பூட்டினான். முதல் தடவையிலேயே எஞ்சின் பிடித்தது. செலவு ஒரு கேத்தில் சுடுதண்ணீர். இரவு தள்ளியபோது சோக்கை இழுத்தபடி விட்டதால் பிளக்குகள் பெற்றோலில் நனைந்ததும் அப்போதுதான் விளங்கியது. முதற் பிழை காரினுடையது. இரண்டாவது பிழை எம்முடையது.

அன்று கற்றதையும் அதன்பின் பல கராச்சுகளில் கேட்டுப் படித்ததையும் இங்கே எழுதுகிறோம்.

இந்தக் கார்கள் எம்மோடு வாழ்ந்த கதை

மொறிஸ் மைனர் இங்கிலாந்தில் 1948இலிருந்து 1971வரை செய்யப்பட்டது. ஒஸ்ரின் ஏ40, கேம்பிறிட்ஜ் வகைகளும் அந்தக் காலத்தவையே. எமது பகுதியில் இவை நிலைத்ததற்குக் காரணம் உண்டு. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின், அரச கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த பகுதிகளுக்குள் பெற்றோலும் பற்றரியும் இன்னும் பல பொருட்களும் வருவது தடுக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் அத்தடைகளில் பெரும்பாலானவை நீங்கின. இடைப்பட்ட காலத்தில் வடக்கின் வீதிகளில் ஓடியவை இந்தப் பழைய கார்களே. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி எமது மக்கள் ஓடினார்கள். அமுக்கம் குறைந்த எஞ்சின்களாக இருந்தபடியால் அவை அதைத் தாங்கின.

பிறகு 2007, 2008ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வு. கட்டுக்கரைப் பக்கத்துக் குடும்பங்கள் பல, ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு வன்னிக்குள் போயின. 2009 மேயில் முள்ளிவாய்க்கால் பகுதியில் ஆயிரக்கணக்கான வாகனங்கள் கைவிடப்பட்டுக் கிடந்தன. செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. உறவினர் வளவில் விட்டுப்போன காரை ஆண்டுகள் கழித்துத் திரும்பிவந்து கண்டெடுத்தவர்களும் எம்மிடையே உண்டு.

2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். எனவே ‘பழசை விற்றுவிட்டுப் புதிது வாங்குவோம்’ என்பது எமது குடும்பங்களில் பலவற்றுக்கு எட்டாத பேச்சு. கையில் இருப்பதைப் பேணத் தெரிவதே இலாபம்.

எஞ்சின் கேட்பது என்ன?

வைத்தியர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை. ஆனால் கார் இயங்காவிட்டால் நாம் ஊகத்தில் மருந்து கொடுக்கிறோம். பற்றரியை மாற்றுகிறோம். சரிவராவிட்டால் கொயிலை மாற்றுகிறோம். அதுவும் சரிவராவிட்டால் காபரேற்றரைக் கழற்றுகிறோம். மூன்றுக்கும் பணம் போனபின், அறுந்த வயரொன்றே காரணமென்று தெரியவருகிறது.

பெற்றோல் எஞ்சின் எதுவாயினும் கேட்பவை நான்கே. அது போதிய வேகத்தில் சுழல வேண்டும். ஏற்ற நேரத்தில் பொறி விழ வேண்டும். எரிபொருளும் காற்றும் கலந்து உள்ளே போக வேண்டும். உள்ளே போனது கசியாமல் அமுக்கப்பட வேண்டும். இந்த நான்கையும் இதே ஒழுங்கில் பாருங்கள். ஒன்று சரியென்று உறுதியான பிறகே அடுத்ததற்குப் போங்கள். ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் கைவைத்தால் எது குணப்படுத்தியது என்று உங்களுக்கே தெரியாமற் போகும்.

முதலாவது: எஞ்சின் சுழல்கிறதா?

முன் விளக்கைப் போடுங்கள். ஒருவர் விளக்கைப் பார்த்து நிற்க, மற்றவர் ஸ்ராட்டரை இயக்கட்டும். விளக்கு நான்கு விதமாக விடை சொல்லும்.

1. விளக்கு தொடக்கத்திலேயே மங்கலாக எரிந்தால் பற்றரியில் மின் இல்லை.

2. நன்றாக எரிந்த விளக்கு, ஸ்ராட்டரை இயக்கியதும் முழுவதும் அணைந்தால், பெரும்பாலும் பற்றரி முனையிலோ ஏர்த் வயரிலோ தொடுகை சரியில்லை. விளக்குக்கு வேண்டிய சிறு மின் அதனூடாகப் போகும். ஸ்ராட்டருக்கு வேண்டிய பெரு மின் போகாது. சில தடவை இயக்கிவிட்டு முனைகளைத் தொட்டுப் பாருங்கள். எது சூடாக இருக்கிறதோ அங்கேதான் பிழை.

3. விளக்கு மங்கி, ‘டக்’ என்று ஒலித்து, எஞ்சின் அசையாவிட்டால் ஸ்ராட்டரின் பல் பெருஞ்சில்லின் பல்லில் இறுகியிருக்கலாம். திறப்பை நிறுத்திவிட்டு, காரை மேல் கியரில் போட்டு முன்னும் பின்னுமாக ஆட்டினால் விடுபடும்.

4. விளக்கு கொஞ்சமும் மங்காமல் எரிய, ஒரு சத்தமும் இல்லாவிட்டால் ஸ்ராட்டருக்கு மின் போகவில்லை. அதன் சுவிச்சையும் வயரையும் பாருங்கள்.

மன்னார்க் கரையோரத்தின் உப்புக்காற்று பற்றரி முனைகளுக்கும் வயர்ப் பூட்டுகளுக்கும் பகை. மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, அப்பச்சோடா கரைத்த சுடுதண்ணீரால் கழுவி, உலரவிட்டு, ஈயம் பளிச்சிடும்வரை சுரண்டி, இறுகப் பூட்டி, மேலே கிறீஸ் பூசுங்கள். எஞ்சின் இறப்பரின் மேல் இருப்பதால் அதனையும் கார் உடலையும் தொடுக்கும் பட்டை வயர் ஒன்று உண்டு. அது அறுந்திருந்தாலும் இதே நோய்தான். அப்போது மின் சோக் கம்பியினூடாகத் திரும்பும். கம்பி சுட்டால் பட்டை வயரைத் தேடுங்கள். பற்றரிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம். எமது பகுதித் தண்ணீரின் உவர் பற்றரியைக் கொல்லும். வடித்த நீர் மட்டுமே ஊற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை. 1960களின் நடுப்பகுதி வரை வந்த இந்த ஆங்கிலக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு, அதாவது ஏர்த்தோடு, தொடுக்கப்பட்டிருந்தது. இன்றைய வாகனங்களில் அது மறைமுனை. பற்றரியைக் கழற்றிச் சார்ஜ் பண்ணிவிட்டு, இன்றைய வழக்கப்படி மாறிப் பூட்டி டைனமோவைப் பழுதாக்கியவர்கள் உண்டு. வேறு சில கார்கள் இடையில் புதிய முறைக்கு மாற்றப்பட்டுள்ளன. ஆகவே பிறர் சொல்வதை நம்பாமல் உங்கள் காரையே பார்த்து, உடலோடு சேரும் முனைக்கருகே சிவப்பு அல்லது கறுப்புப் பெயின்றால் ஓர் அடையாளம் இட்டு வையுங்கள்.

பற்றரி ஒவ்வொரு நாளும் இறங்கினால் குற்றம் அதனுடையதென்று முடிவு கட்டாதீர்கள். டைனமோ மெதுவான ஓட்டத்தில் மிகக் குறைவாகவே மின் தரும். குண்டும் குழியுமான றோட்டில் இரவு முழுவதும் லைற் போட்டு ஊர்ந்தால், நிரம்புவதைவிட இறங்குவதே அதிகம். பட்டி தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பற்றரி முற்றாக இறந்துவிட்டால், டைனமோ உள்ள காரைத் தள்ளியும் பெரும்பாலும் பயனில்லை. பொறி விழுவதற்கும் கொஞ்சம் மின் வேண்டும். கை ஹான்டிலால் சுழற்றினாலும் அப்படியே. ஹான்டில் பிடிப்பவர்கள் கியரை விடுவித்து, கைப் பிறேக்கைப் போட்டு, பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்து, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். மேலிருந்து அழுத்தினால், எஞ்சின் திருப்பி அடிக்கும்போது மணிக்கட்டு முறியும்.

இரண்டாவது: பொறி விழுகிறதா?

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பிடிக்காவிட்டால் பொறியைப் பாருங்கள். பிளக் வயரொன்றைக் கழற்றி, அதில் வேறொரு பிளக்கை மாட்டி, அதன் இரும்புப் பகுதியை எஞ்சின்மேல் வைத்து ஸ்ராட்டரை இயக்குங்கள். அருகில் பெற்றோல் சிந்தியிருக்கக் கூடாது. நீலமாகத் தடித்த பொறி விழுந்தால் நல்லது. மஞ்சளாக மெலிந்திருந்தால் பலவீனம். ஒன்றுமே இல்லாவிட்டால் டிஸ்ரிபியூட்டரின் மூடியைத் திறவுங்கள்.

மாரியில் முதற் குற்றவாளி ஈரம். மூடியின் உட்பக்கத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். மயிர்க்கோடு போன்ற வெடிப்பு இருக்கிறதா, நடுவிலுள்ள கரித்துண்டு தேய்ந்துவிட்டதா என்று பாருங்கள். அடுத்தது பொயின்ற். எஞ்சினை மெல்லச் சுழற்றும்போது அது திறந்து மூட வேண்டும். மொறிஸ் மைனரில் முழுவதும் திறக்கும்போது இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு. அளவுத்தகடு இல்லாவிட்டால் தடித்த அழைப்பிதழ் அட்டையொன்று இறுக்கமின்றி நுழையும் அளவு என்று கொள்ளுங்கள். இது அவசரத்துக்கு மட்டுமே. முகம் கறுத்திருந்தால் மெல்லிய அரத்தாளால் தேய்த்து, சுத்தமான கடதாசியை இடையில் விட்டு இழுங்கள். துப்புரவாக்கியும் விரைவில் கருகினால் கண்டென்சரைச் சந்தேகியுங்கள்.

வீட்டில் நன்றாக ஓடி, வழியில் சூடேறியதும் நின்று, ஆறியபின் மீண்டும் பிடிக்கும் கார்கள் உண்டு. அவற்றில் கொயிலைப் பாருங்கள். நெல் மூடைகளுக்கருகே நிறுத்தும் காரென்றால் எலி கடித்த வயரைத் தேடவும் மறவாதீர்கள்.

மூன்றாவது: எரிபொருள் வருகிறதா?

பெற்றோல் இருக்கிறதா? சிரிக்க வேண்டாம். பழைய காரின் அளவுமானி பொய் சொல்லும். சுத்தமான தடியொன்றைத் தாங்கிக்குள் விட்டுப் பாருங்கள். குப்பி விளக்கையோ நெருப்புக்குச்சியையோ அருகில் கொண்டுபோகவே கூடாது.

அடுத்து, காபரேற்றருக்கு வரும் குழாயைக் கழற்றிக் கண்ணாடிப் போத்தலொன்றில் விடுங்கள். மொறிஸ் மைனரில் மின் பம்பி உண்டு. திறப்பைப் போட்டதும் அது ‘டிக் டிக்’ என்று அடித்து, காபரேற்றர் நிரம்பியதும் நிற்கும். அடித்துக்கொண்டே இருந்தால் தாங்கி வெறுமை, அல்லது குழாய் காற்றை இழுக்கிறது. அடிக்கவே இல்லையென்றால் திருகாணிக் கருவியின் மரப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். பல வேளை விழித்துக்கொள்ளும். வேறு கார்களில் எஞ்சினோடு சேர்ந்த பம்பி இருக்கும். எஞ்சின் சுழலும்போது பெற்றோல் துடித்துத் துடித்து வர வேண்டும். வராவிட்டால் தாங்கியின் மூடியைத் திறந்துவிட்டுப் பாருங்கள். காற்றுத் துவாரம் அடைபட்டாலும் பெற்றோல் வராது.

போத்தலைச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் வேறாக நிற்கும். மண்ணெண்ணெய் அப்படிப் பிரியாது. கலந்தே இருக்கும். அது இலகுவில் ஆவியாகாததால் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப முடியாது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. மலிவுக்காகக் கலப்பதன் இலாபம் அப்போது குறைந்தது. கலப்பதால் வரும் நட்டம் இன்னும் இருக்கிறது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எஞ்சின் ஓயிலை நீர்த்துப்போகச் செய்யும். றிங்குகள் தேயும்.

பெற்றோல் மணம் மூக்கில் அடித்து, பிளக்குகள் நனைந்திருந்தால் நோய் பஞ்சமல்ல, வெள்ளம். சோக்கை உள்ளே தள்ளி, அக்சிலேற்றரை அடிவரை மிதித்தபடி சில விநாடிகள் சுழற்றுங்கள். பிடிக்காவிட்டால் பிளக்குகளைக் கழற்றித் துடைத்துக் காயவிடுங்கள். நடுப்பகல் வெயிலில் நின்ற காருக்கு வேறொரு நோய் உண்டு. குழாயிலேயே பெற்றோல் ஆவியாகிவிடும். பம்பியின் மேலும் குழாயின் மேலும் ஈரத்துணி சுற்றி, ஆறும்வரை நிழலில் பொறுத்திருங்கள்.

நான்காவது: அமுக்கம் இருக்கிறதா?

மூன்றும் சரியாக இருந்தும் பிடிக்காவிட்டால், திறப்பை நிறுத்திவிட்டு ஹான்டிலால் மெல்லச் சுழற்றுங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு சுற்றுக்குள் நான்கு தடவை கை இறுக்கத்தை உணர வேண்டும். நான்கும் ஒரேயளவாக இருக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஓயில் விட்டு, மீண்டும் பூட்டிச் சுழற்றுங்கள். இறுக்கம் கூடினால் றிங் தேய்ந்துள்ளது. கூடாவிட்டால் வால்வு அல்லது கஸ்கெற். இந்த நிலைக்கு மட்டுமே கராச் வேண்டும். அங்கே போகும்போதும் “பார்த்துச் செய்யுங்கோ” என்று விட்டுவிடாமல், நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். என்ன பிழை என்று தெரிந்தவரிடம் தேவையற்ற கணக்கு எழுதுவது கடினம்.

நெடுநாள் நின்ற கார்

ஆண்டுக்கணக்காக நின்ற காரை உடனே ஸ்ராட் பண்ண முயலாதீர்கள். முதலில் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துவாரத்திலும் சிறிது ஓயில் விட்டு ஒரு நாள் வையுங்கள். பிறகு கையால் சுழற்றிப் பாருங்கள். இறுகியிருந்தால் பலவந்தம் வேண்டாம். பழைய பெற்றோலை முழுவதும் இறக்குங்கள். அது பிசினாகிக் காபரேற்றரை அடைக்கும். எஞ்சின் ஓயிலை மாற்றுங்கள். எலிக்கூடு, குளவிக்கூடு, வெடித்த இறப்பர்க் குழாய் ஆகியவற்றைத் தேடுங்கள். முக்கியமாக, எஞ்சின் ஓடத் தொடங்கினாலும் பிறேக்கைச் சோதிக்காமல் றோட்டில் இறங்காதீர்கள். ஓடாத கார் ஆளைக் கொல்லாது, நில்லாத கார் கொல்லும்.

காரில் இருக்க வேண்டியவை

ஒரு ரோச், ஒரு பிளக், ஒரு சோடி பொயின்ற், ஒரு கண்டென்சர், இரண்டு முழ வயர், அரத்தாள், குறடு, பொருத்தமான சாவிகள், ஒரு வெறும் கண்ணாடிப் போத்தல், ஒரு போத்தல் தண்ணீர், உலர்ந்த துணி, இழுவைக் கயிறு. பழைய பிஸ்கற் ரின்னொன்றில் எல்லாம் அடங்கும், கயிற்றைத் தவிர. வீட்டில் காரோட்டும் ஒருவருக்கு மட்டுமல்ல, பெண்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இந்த ஒழுங்கைப் பழக்குங்கள். நோ வருகிற இரவில் காரோட்டுபவர் வயலில் காவலுக்குப் போயிருக்கலாம்.

1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் இலவச அம்புலன்ஸ் சேவை 2016இல் நாட்டில் தொடங்கி, 2018இல் வடக்குக்கும் வந்தது. அவசரத்தில் முதலில் அந்த இலக்கத்தை அழையுங்கள். ஆனால் வாய்க்கால் உடைத்த றோட்டும் மழை இரவும் அப்படியே இருக்கின்றன. அம்புலன்ஸ் வரும் பெருந்தெரு வரைக்குமாவது ஊர்க்கார் ஓட வேண்டும். ஆகவே மாரி தொடங்குமுன் ஒரு ஞாயிறு பின்னேரம், ஊரிலுள்ள வாகனங்களை ஓரிடத்தில் நிறுத்தி, பற்றரி முனை, பட்டி, பொயின்ற், குழாய் நான்கையும் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். இரண்டு மணித்தியால வேலை அது.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். அன்றிரவு நாம் பதறினோம், சிதறியது. பதறாமல் நின்றவன் ஒரு சிறுவன். அவனுக்கு வயது போதாதென்று நாம் நினைத்தோம். உங்கள் கார் இயங்க மறுக்கும் இரவில், தள்ளுவதற்கு முன் விளக்கைப் போட்டுப் பாருங்கள். அருகில் நிற்கும் பிள்ளை ஏதாவது சொன்னால், அதையும் கேட்டுவிட்டுத் தள்ளுங்கள்.